கறுப்பு அடையாளமும் காலனி எதிர்ப்பும்: ஃபனான், செசேர், பிக்கோ பத்தி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மார்டினிக் தீவுல பிறந்த மனநல மருத்துவர் ஃபனான், அதே தீவோட கவிஞர் செசேர், தென்னாப்பிரிக்கப் போராளி பிக்கோ, இவங்களைப் பத்தி எப்ப எழுதினாலும் கிட்டத்தட்ட இதே கேள்விகள்தான் திரும்பத் திரும்ப வருது, அதனால எனக்குத் தெரிஞ்ச வரைக்கும் எல்லாத்துக்கும் ஒரே இடத்துல பதில் போட்டுடறேன். சில கேள்விக்கு பதில் நீளமா இருக்கும், சிலதுக்கு நாலு வரி போதும்.

கேள்வி: கறுப்பு அடையாளம்னா தோல் நிறத்தைப் பத்தின பேச்சுதானே? காலனி எதிர்ப்புக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?

தோல்லதான் தொடங்குது, ஆனா அங்கயே நின்னுடல. ஒரு ஊரைப் பிடிச்சு, அங்க இருக்குற மண்ணை எடுத்துக்கிட்டு, மனுஷங்களைக் கப்பல்ல ஏத்திக் கொண்டுவந்து கரும்புத் தோட்டத்துல அடிமையா வேலை வாங்கினா, அதுக்கு ஒரு நியாயம் சொல்லியாகணும்ல? அந்த நியாயம்தான் இந்த நிற வரிசை. வெள்ளை மேல, கறுப்பு கீழ, நடுவுல கலப்பு நிறத்துக்கு ஏத்த மாதிரி படிப்படியா ஒரு ஏணி. மார்டினிக் தீவை எடுத்துக்கோங்க, கரீபியன் கடல்ல இருக்கு, 1635-லேர்ந்து பிரான்ஸ் கையில. அடிமை முறை ஒழிஞ்சது 1848-ல. ஒழிஞ்ச பிறகும் பள்ளிக்கூடத்துல கறுப்புப் பிள்ளைங்க நம்ம முன்னோர்கள் கால் (Gaul) இனத்தவர்னுதான் படிச்சாங்க, அதாவது பழைய ஐரோப்பிய இனம். ஃபனான் ஒரு விஷயம் எழுதுறாரு: டார்ஸான் படம் மார்டினிக்ல ஓடும்போது கறுப்புப் பையன் டார்ஸான் பக்கம் நின்னு கைதட்டுவான், அதே படத்தை ஐரோப்பாவுல ஒரு தியேட்டர்ல பாத்தா கூட உக்காந்திருக்குற வெள்ளைக்காரங்க திரையில வர்ற காட்டுவாசியையும் இவனையும் ஒண்ணா வெச்சுப் பாப்பாங்க, நிம்மதியா படம் பாக்க முடியாது. ஒரே ஆள், ஒரே படம், இடம் மாறினதும் தான் யாருங்கறதே மாறிப்போகுது. இதை இவங்க அரசியல் கேள்வியா எடுத்ததுக்குக் காரணம் இதுதான், ஏன்னா இந்தக் குழப்பம் அந்தப் பையன் மனசுல தானா முளைச்சது இல்ல, வெளிய இருந்து ஒரு ஆட்சி கொண்டுவந்து வெச்சது.

கேள்வி: ஃபனான் யாரு, சுருக்கமா?

ஃபிரான்ஸ் ஃபனான், 1925-ல மார்டினிக்கோட தலைநகர் ஃபோர்-த-ஃபிரான்ஸ்ல பிறந்தவரு. ஓரளவு வசதியான குடும்பம். அவர் படிச்ச பள்ளியிலதான் கவிஞர் எமே செசேர் வாத்தியாரா இருந்தாரு. ரெண்டாம் உலகப்போர் நேரத்துல பிரான்ஸ் ஜெர்மனிகிட்ட விழுந்ததும், தீவுல மாட்டிக்கிட்ட பிரெஞ்சு கடற்படை ஆளுங்க ஊர்க்காரங்கள நடத்தின விதத்துல இனவெறி அப்பட்டமா வெளிய வந்தது. ஆனாலும் பிரான்ஸுக்காகப் போராடணும்னு 1943-ல பக்கத்துத் தீவு டொமினிக்காவுக்குத் தப்பிப் போனாரு, அப்புறம் 1944-ல படையோட வட ஆப்பிரிக்கா, அங்கிருந்து பிரான்ஸ். படைக்குள்ளயும் அதே ஏணிதான். மேல வெள்ளையர், அப்புறம் ஐரோப்பியர் கணக்குல சேத்த கரீபியன்காரங்க, கீழ செனகல்லேர்ந்து வந்த ஆப்பிரிக்கச் சிப்பாய்ங்க. குளிர்காலம் வந்ததும் பெரும்பாலான ஆப்பிரிக்கச் சிப்பாய்களை முன்வரிசையிலேர்ந்து எடுத்துட்டாங்க, பாரிஸ் விடுதலை ஊர்வலத்துல கறுப்பு முகம் அதிகம் தெரியக்கூடாதுன்னு அதுக்கு முன்னாடியே பாத்துக்கிட்டாங்க. ஃபனானுக்குக் காயம் பட்டுது, வீரப்பதக்கமும் கிடைச்சது. பதக்கம் குடுத்த கர்னல் ரவுல் சலான், பின்னாடி அல்ஜீரியாவுல பிரெஞ்சுப் படைக்கே தலைமை தாங்கினவரு, ஃபனான் அப்ப எதிர்ப்பக்கம். போர் முடியற சமயத்துல வீட்டுக்கு எழுதின கடிதத்துலயே, காலாவதியான ஒரு லட்சியத்துக்காகப் போயிட்டேன்னு மனசு உடைஞ்சு எழுதியிருக்காரு.

அப்புறம் லியோன் நகரத்துல மருத்துவம், மனநல மருத்துவம். 1952-ல முதல் புத்தகம், கறுப்புத் தோல் வெள்ளை முகமூடிகள், வயசு 27 கூட முடியல. அதைத்தான் முதல்ல பட்டத்துக்கான ஆய்வேடா குடுக்கப் பாத்தாரு, ஏத்துக்கல. 1953-ல, அப்ப பிரெஞ்சு ஆட்சியில இருந்த அல்ஜீரியாவுல பிளீதா மனநல மருத்துவமனை, அடுத்த வருஷம் அங்க விடுதலைப் போர் தொடங்குது, 1956-ல வேலையை ராஜினாமா பண்றாரு, 1957-ல நாட்டை விட்டு வெளியேத்துறாங்க, துனிஸ்லேர்ந்து விடுதலை இயக்கத்துக்கு எழுதறாரு. 1961 டிசம்பர்ல ரத்தப் புற்றுநோயால இறந்தாரு. 36 வயசு. சாகறதுக்கு கொஞ்ச நாள் முன்னாடி வந்ததுதான் அவரோட கடைசிப் புத்தகம், மண்ணில் சபிக்கப்பட்டவர்கள்.

கேள்வி: ரயில்ல ஒரு குழந்தை அவரைப் பாத்து பயந்துச்சுன்னு எல்லாரும் சொல்றாங்களே, அது என்ன சம்பவம்? அதுக்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம்?

முதல் புத்தகத்துல அஞ்சாவது அத்தியாயம். பிரான்ஸ்ல ஒரு வெள்ளைக் குழந்தை அவரைக் காட்டி, அம்மா நீக்ரோவைப் பாரு, பயமா இருக்குன்னு சொல்லுது. அந்த அம்மா சமாளிக்கப் பாக்குறாங்க, எவ்வளவு அழகா இருக்காரு பாருன்னு. நடந்தது இவ்வளவுதான். யாரும் அடிக்கல, வசைபாடல. ஆனா அந்த நொடியில தன் உடம்பு தன்கிட்டேர்ந்து பிடுங்கப்பட்ட மாதிரி இருந்துச்சுன்னு எழுதறாரு. நாம மேஜை மேல இருக்குற சிகரெட் பாக்கெட்டை எடுக்கணும்னா யோசிக்காம கை நீட்டுவோம்ல, அந்த யோசிக்காத இயல்பு அவருக்குப் போயிடுது. குளிருக்கு அவர் உடம்பு நடுங்குது, குழந்தை அதைப் பாத்து கோவத்துல நடுங்குறாருன்னு நினைச்சு அழுது. தான் படிச்ச படிப்பு, பேசற பிரெஞ்சு, போர்ல வாங்கின காயம் எதுவுமே அந்தப் பார்வைக்கு முன்னாடி எண்ணிக்கையில வரல, வந்ததெல்லாம் அடிமைக்கப்பல், நரமாமிசம்னு ஐரோப்பா எழுதிவெச்ச கதைங்க.

முக்கியத்துவம் ஏன்னா, நான் யாருங்கற கேள்விக்கு நான் மட்டும் உக்காந்து யோசிச்சு பதில் கண்டுபிடிச்சிட முடியாதுன்னு இந்த ஒரு காட்சி காட்டிடுது. அடுத்தவன் பார்வையில ஏற்கெனவே ஒரு பதில் ரெடியா இருக்கு, அதுவும் நான் பிறக்கறதுக்கு முன்னாடியே. எனக்கு இந்த மொத்த விஷயத்துலயே ரொம்ப ஆழமாப் பட்டது இந்தப் பக்கங்கள்தான்.

கேள்வி: மொழியைப் பத்தி என்ன சொல்றாரு?

மார்டினிக்காரங்க வீட்டுல பேசறது கிரியோல், பிரெஞ்சும் ஆப்பிரிக்க மொழிகளும் கலந்து உருவான மொழி. நல்லா பிரெஞ்சு பேசினா வெள்ளைக்காரனுக்குப் பக்கத்துல போயிட்டோம்னு ஒரு நினைப்பு, வீட்டுல கிரியோல் பேசினா பிள்ளைங்களுக்குத் திட்டு விழும். மார்டினிக்காரங்க ரகரத்தை முழுங்கிடுவாங்கன்னு பிரான்ஸ்ல கிண்டல் பண்றது வழக்கம். அதனால பிரான்ஸ் போறதுக்கு முன்னாடி ரூமைப் பூட்டிக்கிட்டு மணிக்கணக்கா உச்சரிப்புப் பயிற்சி எடுத்த ஆளுங்களைப் பத்தி எழுதறாரு. ஒருத்தர் லெ ஆவ்ர் துறைமுகத்துல இறங்கி ஓட்டல்ல போய் சர்வரைக் கூப்பிடும்போது ரகரத்தை நல்லா உருட்டிட்டாரு, ஆனா அடுத்த வார்த்தைக்கு மிச்சம் வைக்கல, பீர் கேக்கும்போது பழையபடி முழுங்கிட்டாரு. படிக்கும்போது எனக்கு வலிச்சது, ஏன்னா அந்த மனுஷன் பண்ண ஒரே குத்தம், தன்னை மனுஷனா மதிக்கணும்னு ஆசைப்பட்டது.

கேள்வி: நெக்ரிட்யூட்னா என்ன? யார் தொடங்கினது?

1930-கள்ல பாரிஸ்ல படிச்சிட்டிருந்த கறுப்பு மாணவர்கள் தொடங்கின இலக்கிய, சிந்தனை இயக்கம். மார்டினிக்லேர்ந்து செசேர், செனகல்லேர்ந்து லெயோபோல் செங்கோர், பிரெஞ்சு கயானாலேர்ந்து லெயோன் தமாஸ், இந்த மூணு பேரைத்தான் எல்லாரும் சொல்லுவாங்க. வசையாப் பயன்பட்ட நெக்ர் (நீக்ரோ)ங்கற பிரெஞ்சுச் சொல்லையே எடுத்து, ஆமா அதுதான் நான்னு தலை நிமிர்ந்து சொன்னாங்க. செசேரோட நீள்கவிதை, தாயகம் திரும்புதல் பத்தினது, முதல்ல 1939-ல வந்தது. செங்கோர் பிற்பாடு 1960-லேர்ந்து 20 வருஷம் செனகலோட குடியரசுத் தலைவர்.

ஆனா இங்க ஒண்ணு அழுத்திச் சொல்லணும். இவங்களுக்கு முன்னாடியே போலெத் நார்தால், ஜேன் நார்தால்னு மார்டினிக் அக்கா தங்கச்சிங்க பாரிஸ் பக்கத்துல கிளமார்ல தங்களோட வீட்டுல ஞாயித்துக்கிழமை கூட்டம் நடத்தி, அமெரிக்கக் கறுப்பு எழுத்தாளர்களையும் ஆப்பிரிக்க, கரீபியன் மாணவர்களையும் ஒரே அறையில உக்கார வெச்சாங்க. 1931-ல பாரிஸ்ல பிரம்மாண்டமா காலனி கண்காட்சி நடந்தது, காலனி மக்களையே கொண்டுவந்து காட்சிக்கு வெச்சாங்க. அதே வருஷக் கடைசியில போலெத் நார்தால் நண்பர்களோட சேர்ந்து கறுப்பு உலகத்துக்கான பத்திரிகை ஒண்ணு கொண்டுவந்தாங்க, பிரெஞ்சு ஆங்கிலம் ரெண்டுலயும். ஆறு இதழோட நின்னுபோச்சு. நாங்க வழி வெட்டினோம், ஆனா பொம்பளைங்கதானேன்னு யாரும் கண்டுக்கலன்னு பல வருஷம் கழிச்சு அவங்க ஆதங்கத்தோட எழுதியிருக்காங்க. அது நியாயமான ஆதங்கம். மூணு ஆம்பளைங்க பேரை மட்டும் சொல்லி இந்தக் கதையை முடிக்கிறது சரியில்ல.

கேள்வி: இதுல தமிழங்களுக்கு ஏதாவது சம்பந்தம் இருக்கா, இல்ல சும்மா இழுக்கிறீங்களா?

இருக்கு. அடிமை முறை ஒழிஞ்சதும் தோட்டத்துக்கு ஆள் வேணும்னு 1853-லேர்ந்து 30 வருஷத்துல சுமார் 25,000 இந்தியர்களை ஒப்பந்தக் கூலிகளா மார்டினிக்குக் கொண்டுபோனாங்க, பெரும்பாலும் பாண்டிச்சேரி, காரைக்கால் வழியா, அதுல நிறைய பேர் தமிழங்க. தீவோட வடக்குப் பக்கம், செசேர் பிறந்த பாஸ்-புவாந்த் வட்டாரத்துல மாரியம்மனுக்கும் மதுரைவீரனுக்கும் இன்னிக்கும் வழிபாடு நடக்குது, பேர் மட்டும் அந்த ஊர் நாக்குல கொஞ்சம் மாறியிருக்கு. கூலிங்கறது அங்க வசைச்சொல். செசேர் அந்த நீள்கவிதையில, நான் யூத மனுஷனா இருப்பேன், காஃபிர் (தென்னாப்பிரிக்கக் கறுப்பர்களுக்கு வெச்ச வசைப்பேர்) மனுஷனா இருப்பேன், கல்கத்தாவோட இந்து மனுஷனா இருப்பேன், ஓட்டுரிமை இல்லாத ஹார்லெம் (நியூயார்க்ல கறுப்பர்கள் வாழற பகுதி) மனுஷனா இருப்பேன்னு அடுக்குவாரு. அந்த இந்து மனுஷனைத் தேடி அவர் கடல் தாண்டிப் போக வேண்டியதே இல்ல, சின்ன வயசுலேர்ந்து பக்கத்துத் தோட்டத்துல பாத்தவங்கதான். அவர் சொன்ன கறுப்புங்கறது ரத்தத்தை வெச்சுப் போட்ட வட்டம் இல்ல, மிதிபட்டவங்க எல்லாருக்கும் கதவு திறந்து வெச்ச வட்டம்.

கேள்வி: ஃபனான் நெக்ரிட்யூடை எதிர்த்தாருன்னு சொல்றாங்க. அப்போ செசேருக்கு எதிரியா?

எதிரி கிடையாது, செசேரை அவ்வளவு நேசிச்சவரு. 1948-ல பிரெஞ்சுத் தத்துவவாதி சார்த்ர் ஒரு கறுப்புக் கவிதைத் தொகுப்புக்கு முன்னுரை எழுதினாரு, அதுல நெக்ரிட்யூட் ஒரு இடைக்கட்டம்தான், வெள்ளை உயர்வுங்கறதுக்கு ஒரு மறுப்பு, கடைசியில இனமே இல்லாத சமுதாயத்துல அது கரைஞ்சுபோகும்னு சொல்லிட்டாரு. தன்னோட கடைசிப் பிடிமானத்தையும் பறிச்சிட்டாங்கன்னு ஃபனான் கொதிச்சாரு. ஒருத்தன் இப்பதான் எழுந்து நிக்கறான், அவன்கிட்ட போய் நீ நிக்கறதெல்லாம் தற்காலிகம்னு சொன்னா எப்படி இருக்கும்? அதே சமயம், கறுப்பு ஆன்மான்னு ஆதியிலேர்ந்து மாறாம ஒண்ணு இருக்குங்கறதை ஃபனானும் ஏத்துக்கல. செங்கோர் ஐரோப்பியனுக்கு அறிவு, ஆப்பிரிக்கனுக்கு உணர்ச்சிங்கற மாதிரி எழுதினது காலனிக்காரன் போட்ட அதே ஏணியை வேற பெயின்ட் அடிச்சு வெச்சுக்கறதுன்னு பல பேர் விமர்சிச்சாங்க. நைஜீரிய எழுத்தாளர் சோயிங்காவும் புலி தன் புலித்தனத்தைப் பறைசாற்றாது, பாயும்னு சொன்னாரு.

என் கருத்து, பெருமை இல்லாம எழ முடியாது, ஆனா பெருமையிலயே உக்காந்துட்டாலும் நடக்க முடியாது. ஃபனான் இந்த ரெண்டையும் ஒரே புத்தகத்துல, சில சமயம் ஒரே பக்கத்துல, விட்டுக்குடுக்காம பிடிச்சிருக்காரு.

கேள்வி: அப்போ இது தாழ்வு மனப்பான்மைப் பிரச்சினைதானே? தன்னம்பிக்கை வளத்துக்கிட்டா சரியாயிடுமே?

ஆகாது. ஃபனான் டாக்டரா இருந்ததால இதை நேர்லயே பாத்தாரு. பிளீதா மருத்துவமனையில அவர் பொறுப்புல ஐரோப்பியப் பெண்கள் வார்டு ஒண்ணும், அல்ஜீரிய முஸ்லிம் ஆண்கள் வார்டுகளும் இருந்துச்சு. அப்போ அல்ஜியர்ஸ்ல கோலோச்சின மனநல மருத்துவம், வட ஆப்பிரிக்கனோட மூளையே வளர்ச்சி குறைஞ்சதுன்னு பாடம் நடத்திட்டிருந்தது. ஃபனான் கட்டிப்போடற வைத்தியத்தை விட்டுட்டு, நோயாளிங்க சேர்ந்து கூட்டம் போடறது, சினிமா, பத்திரிகை, பண்டிகை, கைவேலைன்னு ஆரம்பிச்சாரு. பெண்கள் வார்டுல சீக்கிரமே பலன் தெரிஞ்சுது. ஆண்கள் வார்டுல ஒண்ணுமே நடக்கல, கூட்டத்துக்கு வந்தவங்க பேசாம உக்காந்திருந்தாங்க.

நோயாளி முன்னேற மாட்டேங்கறான்னு எழுதிட்டு விட்டிருக்கலாம். ஆனா அவரும் கூட வேலை பாத்த இளம் டாக்டர் அசுலேவும் தங்களோட முறையிலதான் கோளாறுன்னு கண்டுபிடிச்சாங்க. அரபியும் கபீல் மொழியும் பேசற, எழுதப் படிக்கத் தெரியாத விவசாயிங்ககிட்ட போய் பிரெஞ்சுப் பத்திரிகை நடத்துன்னா எப்படி? கூடை பின்றது அவங்களுக்குப் பொம்பளை வேலை. அதனால ஆஸ்பத்திரிக்குள்ளயே ஊர்ல இருக்குற மாதிரி ஒரு காபிக் கடை போட்டாங்க, முஸ்லிம் பண்டிகை கொண்டாடினாங்க, கதைசொல்லியைக் கூட்டிட்டு வந்தாங்க, நோயாளிங்களே சேர்ந்து ஃபுட்பால் மைதானம் போட்டாங்க. அதுக்கப்புறம்தான் அந்த வார்டு உயிர் பெற ஆரம்பிச்சது.

இதுக்கும் ஒரு எல்லை இருந்துச்சு. போர் தொடங்கின பிறகு சித்திரவதை அனுபவிச்சவங்களும் அவர்கிட்ட வந்தாங்க, சித்திரவதை பண்ண போலீஸ்காரங்களும் வந்தாங்க. ஒரு அதிகாரி, வீட்டுல பொண்டாட்டி பிள்ளைங்களையும் அடிக்கிறேன், குற்ற உணர்வே இல்லாம வேலையைத் தொடர்றதுக்கு வைத்தியம் பண்ணுங்கன்னு கேட்டிருக்காரு. அப்படிப்பட்ட நாட்டுல தனித்தனி ஆளைச் சரி பண்ணி அனுப்பறதுக்கு அர்த்தமே இல்லன்னுதான் ராஜினாமா கடிதத்துல எழுதினாரு. உள்ள இருக்குற காயத்துக்கு வேர் வெளிய இருக்கு, வெளிய இருக்குறதை மாத்தாம உள்ள மட்டும் தடவிக் குடுத்தா பத்தாது.

கேள்வி: வன்முறையை ஆதரிச்சவர்தானே?

கடைசிப் புத்தகத்தோட முதல் அத்தியாயத்தை மட்டும் படிச்சா அப்படித்தான் தோணும். அதே புத்தகத்துல கடைசிக்கு முந்தின பகுதி முழுக்க போர் ரெண்டு பக்கமும் மனுஷங்களை என்ன பாடு படுத்துச்சுங்கற நோயாளிக் குறிப்புங்க, அதையும் சேத்துப் படிங்க. சார்த்ர் எழுதின முன்னுரை ஃபனானைவிட சூடா இருக்கும், ரெண்டையும் குழப்பிக்காதீங்க.

கேள்வி: ஸ்டீவ் பிக்கோ இந்தக் கதையில எங்க வர்றாரு? கறுப்புன்னு சேர்ந்து தனியா அமைப்பு வெச்சா அதுவும் இனவெறிதானே?

1967-ல தென்னாப்பிரிக்காவுல கிரஹாம்ஸ்டவுன்ல பல இன மாணவர் சங்கத்தோட மாநாடு. பேச்சு பூரா சமத்துவம், ஆனா கறுப்பு மாணவர்களைத் தனியா ஊருக்கு வெளிய ஒரு சர்ச்சுல தங்க வெச்சாங்க. டர்பன்ல மருத்துவம் படிச்சிட்டிருந்த பிக்கோ மாநாட்டை நிறுத்தணும்னு தீர்மானம் கொண்டுவந்தாரு, தோத்துப்போச்சு. நல்லெண்ணம் இருக்குற வெள்ளைக்காரங்களே எங்களுக்காகப் பேசிட்டிருந்தா நாங்க எப்பதான் பேசக் கத்துக்குவோம்னு யோசிச்சு, 1969-ல கறுப்பு மாணவர்களுக்குன்னு தனி அமைப்பு, சாசோ, அதுக்கு இவர்தான் முதல் தலைவர். ஃபனானை அந்தப் பசங்க விழுந்து விழுந்து படிச்சாங்க.

இனவெறியாங்கற கேள்விக்கு: இனவெறிக்கு அடுத்தவனைக் கீழ அமுக்கற அதிகாரம் வேணும், இவங்ககிட்ட ஓட்டுரிமைகூட இல்ல. 1976-ல இயக்கத்துக்காரங்க மேல நடந்த வழக்குல பிக்கோ சாட்சி சொல்லும்போது நீதிபதி, நீங்க எல்லாம் கறுப்பைவிட பழுப்பு நிறமாத்தானே இருக்கீங்க, ஏன் கறுப்புன்னு சொல்லிக்கறீங்கன்னு கேக்குறாரு. வெள்ளைக்காரங்களும் வெள்ளையைவிட ரோஸ், மஞ்சளாத்தானே இருக்காங்கன்னு பிக்கோ பதில் சொல்றாரு. நிறமே இல்ல, அது எடுத்துக்கற நிலைப்பாடுன்னு கோர்ட்லயே சொன்ன மாதிரி ஆச்சு. சட்டத்தால ஒதுக்கப்பட்டு, அதை எதிர்த்து ஒண்ணா நிக்கறவங்கதான் கறுப்பர். தோல் கறுப்பா இருந்தாலும் அந்த அரசோட போலீஸ்ல வேலை பாக்குறவனை அவங்க கறுப்புக் கணக்குல சேக்கல.

பேச்சோட நிக்கல. 1973-ல ஊரை விட்டு வெளிய போகக்கூடாதுன்னு தடை போட்ட பிறகும் கிங் வில்லியம்ஸ் டவுன் பக்கத்துல சானெம்பிலோன்னு ஒரு கிளினிக் வர்றதுக்குக் காரணமா இருந்தாரு, டாக்டர் மம்ஃபேலா ராம்ஃபேலே அதை நடத்தினாங்க. தன்னை மதிக்கக் கத்துக்கறதுன்னா அவங்களுக்கு அர்த்தம் அதுதான், நம்ம ஆளுங்களுக்கு நாமளே பிரசவம் பாக்கறது. 1977 ஆகஸ்ட்ல கைது பண்ணாங்க, போலீஸ் காவல்ல தலையில பலத்த அடி, அந்த நிலையில நிர்வாணமா வண்டியில போட்டு 1,000 கிலோமீட்டருக்கு மேல பிரிட்டோரியாவுக்குக் கொண்டுபோனாங்க. செப்டம்பர் 12 இறந்துட்டாரு. 30 வயசு. அந்தச் சாவு என்னை ஒண்ணும் பாதிக்கலன்னு அந்நாட்டு நீதித்துறை அமைச்சர் மேடையிலயே சொன்னாரு. இதை எத்தனை தடவை எழுதினாலும் கோவம் அடங்கல.

கேள்வி: தென்னாப்பிரிக்க இந்தியர்களும் கறுப்பர்ல சேர்த்தியா?

பிக்கோ இயக்கத்துல ஆமா, ஆப்பிரிக்கர், கலப்பினத்தவர், இந்தியர் மூணு பேரும். சாத்ஸ் கூப்பர், ஸ்டிரினி மூட்லின்னு இந்திய வம்சாவளிக்காரங்க முன்வரிசையில இருந்து ராபன் தீவு சிறைக்கும் போனாங்க. மூட்லிங்கறது நம்ம முதலியார்தான். ஆனா இது சுலபமா வந்த ஒற்றுமை இல்ல. 1949 ஜனவரியில அதே டர்பன்ல ஆப்பிரிக்கர் இந்தியர் கலவரத்துல 142 பேர் செத்தாங்க. ஆப்பிரிக்கரைவிட ஒரு படி மேலன்னு நினைச்ச இந்தியர்களும் நிறைய பேர் இருந்தாங்க. அந்தப் படியை விட்டு மனசார இறங்கி வந்து நான் கறுப்பன்னு சொன்னவங்களை நினைச்சா மரியாதை வருது.

கேள்வி: நம்ம சாதிப் பிரச்சினையோட ஒப்பிடலாமா?

அவங்க காலத்துலயே ஒப்பிட்டுப் பேசிக்கிட்டாங்க. 1946-ல அம்பேத்கர், அமெரிக்கக் கறுப்பு அறிஞர் டுபாய்ஸுக்குக் கடிதம் எழுதினாரு, அவரும் பதில் போட்டாரு. 1972-ல பம்பாய்ல தலித் பேந்தர்ஸ் தொடங்கினப்போ பேரே அமெரிக்காவோட பிளாக் பேந்தர்ஸ், அதாவது கறுப்புச் சிறுத்தைகள்ங்கற இயக்கத்துக்கிட்டேர்ந்து எடுத்ததுதான். ஒப்பிடுங்க, ஆனா ஒண்ணு இன்னொண்ணேதான்னு சொல்லாதீங்க, சாதிக்கு நிறம் கிடையாது, ஊரும் தெருவும்தான் காட்டிக்குடுக்கும்.

கேள்வி: ஃபனான் சொன்னதுல நீங்க ஏத்துக்காதது ஏதாவது இருக்கா?

ரெண்டு இருக்கு. ஒண்ணு, கறுப்புப் பெண்களைப் பத்தி எழுதினது. மயோத் கபேசியான்னு ஒரு மார்டினிக் எழுத்தாளர், வெள்ளைக்காரனைக் காதலிக்கறதைப் பத்தி எழுதினதுக்காக அவங்களை அவ்வளவு கடுமையா விளாசறாரு, ஆனா வெள்ளைப் பெண்ணை விரும்பற கறுப்பு ஆணைப் பத்தி எழுதும்போது டாக்டரோட பரிவு வந்துடுது. பெண்ணிய விமர்சகர்கள் இதை ரொம்ப நாளா சொல்லிட்டிருக்காங்க, அவங்க பக்கம்தான் நியாயம்.

ரெண்டாவது பெரிய விஷயம். மார்டினிக் கறுப்பர்களுக்கு விடுதலை போராடாமலே கிடைச்சது, எஜமான் ஒரு நாள் தானா குடுத்தான், அதனாலதான் அவங்களுக்குத் தங்களோட சுயம் முழுசா கைக்கு வரலன்னு ஃபனான் ஒரு வாதம் வைக்கிறாரு. நடந்தது அப்படி இல்ல. அடிமை முறையை ஒழிச்ச ஆணையில 1848 ஏப்ரல் 27 பாரிஸ்ல கையெழுத்தாச்சு, அதுக்கு முக்கியக் காரணம் விக்தர் ஷெல்ஷேர்ங்கற பிரெஞ்சுக்காரர். ஆனா அந்தத் தகவல் கப்பல்ல வந்து சேர்றதுக்கு முன்னாடியே மே 22 மார்டினிக் அடிமைங்க கிளர்ந்து எழுந்தாங்க, மறுநாளே ஆளுநர் விடுதலையை அறிவிக்க வேண்டியதாப் போச்சு. ஃபனான் படிச்ச பள்ளிக்கூடத்தோட பேரே ஷெல்ஷேர் பள்ளி, ஊருக்குள்ள சிலையும் அவருக்குத்தான், கிளர்ச்சி பண்ணவங்களைப் பத்தி அங்க யார் சொல்லிக்குடுத்திருப்பாங்க? 2020 மே 22, அதே நாள்ல, இளம் போராட்டக்காரங்க தீவுல இருந்த ரெண்டு ஷெல்ஷேர் சிலையைக் கீழ தள்ளினாங்க. பிரெஞ்சு அதிபர் மக்ரோன் கண்டிச்சாரு, தீவுக்குள்ளயே பெரியவங்க பல பேருக்கு உடன்பாடு இல்ல, ஷெல்ஷேர் உண்மையாவே அடிமை முறையை எதிர்த்தவர்தானேன்னு கேட்டாங்க. அதுவும் உண்மைதான். ஆனா எங்க விடுதலையை எங்க ஆளுங்களே எடுத்துக்கிட்டாங்கன்னு அந்தப் பசங்க சொன்னதும் உண்மை, ஃபனானுக்குப் பள்ளிக்கூடம் மறைச்ச உண்மை.